வானம் கோணிப்போன ஞாயிற்றுக்கிழமை

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் "இது ஏன் இப்படி?" என்று கேட்டுவிடுவேன். கேட்பதோடு நின்றால் பரவாயில்லை, கையையும் வைத்துப் பார்ப்பேன். மிக்ஸி, தண்ணீர் மோட்டார், மாமனாரின் காது மெஷின் என்று என் ஆராய்ச்சிக்குப் பலியானவை பல. ஆனால் அடுத்தவர் வீட்டை, அதுவும் கட்டவே ஆரம்பிக்காத வீட்டை, நான் கெடுத்தது ஒரே ஒரு முறைதான்.

நாமக்கல்லில் ஒரு விடுதிப் பள்ளியில் கணக்கு ஆசிரியை நான். போன வருடம் ஒரு தொண்டு அமைப்பிலிருந்து எங்கள் ஆசிரியர் அறைக்கு வந்தார்கள். வசதியில்லாத குடும்பங்களுக்கு வீடு கட்டித் தருகிறோம், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் வேண்டும் என்றார்கள். எனக்கு உடனே சந்தேகம். ஒன்றும் தெரியாத எங்களை வைத்து எப்படிக் கட்டுவீர்கள்? இடிந்து விழாதா?

வந்தவர் பொறுமைசாலி. தெரிந்த வேலையை மேஸ்திரி பார்த்துக்கொள்வார், மண் வெட்டுவது, கல் எடுத்துக் கொடுப்பது, கலவை சுமப்பது எல்லாம்தான் உங்களுக்கு என்றார். வீடு யாருக்கோ அவர்களும் கூடவே நின்று உழைக்க வேண்டுமாம். கூலியில் இப்படி மிச்சம் பிடிப்பதால்தான் அந்தக் குடும்பத்தால் தாங்குகிற விலைக்குள் வீடு முடிகிறது என்றார்.

நான் பெயர் கொடுத்தேன். கணவர் பெயரையும் சேர்த்துக் கொடுத்தேன். (அவரைக் கேட்கவில்லை. அவர் முட்டை வியாபாரக் கம்பெனியில் வேலை பார்ப்பவர். வாரம் முழுக்க முட்டை உடையாமல் பார்த்துக்கொள்பவருக்கு ஒரு நாளாவது எதையாவது உடைக்க வாய்ப்புக் கிடைக்கட்டுமே என்ற நல்லெண்ணம்தான்.)

எடப்பாடிக்கு வெளியே ஒரு மேட்டு நிலம். வீடு செல்வி அக்காவுக்கு. விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்ப்பவர். கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். பக்கத்திலேயே தகரக் கொட்டகையில் குடியிருந்தார்கள். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் அஸ்திவாரக் கல் வந்து இறங்கும், அதற்குள் வானம் வெட்டியாக வேண்டும் என்றார்கள்.

வானம் என்றால் அஸ்திவாரத்துக்குத் தோண்டும் பள்ளம். எனக்கு அங்கேயே அரித்தது. மேஸ்திரி கந்தசாமியிடம் போனேன்.

"தரையில தோண்டுற குழிக்கு ஏங்க வானம்னு பேரு?"

"எங்கய்யன் அப்பிடித்தானுங்க சொன்னாரு. நீங்க வெட்டுங்க சாமி, வெட்ட வெட்டத் தெரியும்."

அடுத்து அவர் செய்ததைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். நாலு மூலையிலும் முளைக்குச்சி அடித்து நூல் கட்டினார். ஒரு மூலையிலிருந்து ஒரு நூலில் மூன்று அடி அளந்தார், அடுத்த நூலில் நாலு அடி. இரண்டுக்கும் நடுவே டேப்பைப் பிடித்தார். சரியாக ஐந்து அடி. "மூலமட்டம் சரியா இருக்குது" என்று அடுத்த மூலைக்கு நகர்ந்தார்.

மூன்று, நாலு, ஐந்து! செங்கோண முக்கோணம்! பதினோரு வருடமாகக் கரும்பலகையில் மட்டும் நான் பார்த்து வந்த சமாச்சாரம், புழுதியில் உயிரோடு நிற்கிறது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கொட்டாவி விட்டார்.

மேஸ்திரி டீ குடிக்கப் போனார். டேப் தரையில் கிடந்தது. நாமும் ஒரு தடவை அளந்து பார்த்தால் என்ன?

மூன்றடி அளந்தேன். நாலடி அளந்தேன். ஐந்துக்காக டேப்பை இழுத்துக்கொண்டே பின்னால் நடந்தேன். காலில் நூல் மாட்டியது. ஓரத்து முளைக்குச்சி 'டப்'பென்று பிடுங்கிக்கொண்டு வந்தது.

சுற்றிப் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை. குச்சி இருந்த ஓட்டையைத் தேடினால், என் செருப்புத் தடம்தான் இருந்தது. ஒரு குத்துமதிப்பாக ஊன்றி, கல்லால் நாலு போடு போட்டு, நூலை இழுத்துக் கட்டினேன். நூல் விறைப்பாக நின்றது. விறைப்பாக இருந்தால் நேராகத்தான் இருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். (நேராகத்தான் இருந்தது. இடம்தான் வேறு.)

நூலை ஒட்டி யாரோ சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் பிரித்துவிட்டார்கள். என் கோட்டை வெட்டும் பாக்கியம் யாருக்குக் கிடைத்தது? என் கணவருக்கு.

தரை முழுக்கச் சுக்காங்கல். கடப்பாரையைப் போட்டால் 'ணங்' என்று திரும்பி வரும். செல்வி அக்கா எங்கள் எல்லாரையும்விட வேகமாக வெட்டினார். என் கணவருக்கு மதியத்துக்குள் உள்ளங்கையில் மூன்று கொப்புளம். ஆனாலும் ஆளுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாரு புள்ள, என்ற பக்கந்தான் ஒரே சீரா வந்திருக்குது" என்றார்.

சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் வேலையும் முடிந்தது. மேஸ்திரி கடைசியாக மூலைக்கு மூலை குறுக்கே அளந்தார். நின்றார். இன்னொரு தடவை அளந்தார். தலையில் இருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் தடவை அளந்தார்.

"ஒண்ணரையடி கோணிப் போயிருச்சுங்க" என்றார். குரலே மாறியிருந்தது. "முப்பது வருசமா இந்தக் கையில ஒரு மூலை தப்பினதில்லீங்க. கண்ணு போயிருச்சாட்ட இருக்குது. இனி நான் நூல் புடிக்கறது ஆவாதுங்க."

"இருக்கட்டுங்கண்ணா, நான் ராத்திரிக்கு வெட்டிக்கிறேன்" என்றார் செல்வி அக்கா. ஆனால் அவர் பார்வை கொட்டகைப் பக்கம் போய்விட்டு வந்தது.

அந்த நேரத்தில் என் மூளை என்ன யோசித்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. சும்மா இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தது. ஒன்றும் ஆகாது, யாருக்கும் தெரியாது. அந்த மனிதர் மட்டும் இனிமேல் ஒவ்வொரு வீட்டிலும் தன் கண்ணைச் சந்தேகப்பட்டுக்கொண்டே நூல் பிடிப்பார்.

என் வகுப்புப் பிள்ளைகளைப் போல நான் கையைத் தூக்கினேன்.

"நான்தாங்க. நீங்க டீ குடிக்கப் போனப்ப குச்சி புடுங்கிருச்சு. நான்தான் திருப்பி நட்டேன்."

கூட்டம் மொத்தமும் திரும்பியது. என் கணவர் கடப்பாரையைக் கீழே போட்டார். மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க டீச்சருங்கல்லோ? என்ன பாடமுங்க நடத்தறீங்க?"

"கணக்கு."

"காது கேக்கலீங்க."

"கணக்குங்க!"

முதலில் சிரித்தது செல்வி அக்காதான். அப்புறம் எல்லாரும். மேஸ்திரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "அப்ப என்ற கண்ணு நல்லாத்தானுங்க இருக்குது!" என்று நாலு முறை சொன்னார். அவருக்கு அதுதான் பெரிய நிம்மதி. என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி தானே குச்சியை நட்டு, என் கையில் கடப்பாரையைக் கொடுத்தார். மூலையிலிருந்து ஆரம்பித்தேன். பத்து நிமிடம் கழித்துச் செல்வி அக்கா எதிரே வந்து இறங்கினார், அப்புறம் மற்றவர்கள். கடைசியாக, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு என் கணவரும். பொழுது சாய்வதற்குள் வானம் நேரானது. நாங்கள் முதலில் வெட்டிய பள்ளத்தில் முக்கோணமாக ஒரு துண்டு மட்டும் சுவருக்கு வெளியே மிஞ்சியது.

"அதை மூடிப் போட்டர்லாமுங்களா?" என்று கேட்டார் மேஸ்திரி.

"அவ்வளவு பாடுபட்டு வெட்டுனதுங்க, இருக்கட்டும்" என்றார் செல்வி அக்கா.

வீடு அடுத்த சில மாதங்களில் முடிந்தது. நான் இன்னும் ஆறு ஞாயிறு போனேன். (நூல் பக்கம் என்னை யாரும் விடவில்லை. சுவருக்குத் தண்ணீர் ஊற்றினேன்.) புதுமனை புகுவிழாவுக்குப் போனபோது பார்த்தேன். அந்த முக்கோணத்தில் செம்மண் கொட்டிக் கனகாம்பரம் வைத்திருந்தார் அக்கா. அதற்கு 'டீச்சர் மூலை' என்று அவர் பிள்ளைகள் பெயரும் வைத்துவிட்டார்கள்.

இப்போதும் நாமக்கல் பக்கம் யாராவது வந்தால் அக்கா ஒரு பந்து கனகாம்பரம் கட்டிக் கொடுத்தனுப்புவார். அதை வாசலில் வாங்குவது பெரும்பாலும் என் கணவர்தான். உள்ளே கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, வீட்டில் விருந்தாளி இருந்தாலும் சரி, என் மாணவர்கள் இருந்தாலும் சரி, சத்தமாகச் சொல்வார்:

"இந்தா புள்ள, உன்ற தப்பு இந்த வாட்டியும் நல்லாப் பூத்திருக்குது."