ஆயுள் குறைப்புத் திட்டம்

என் கம்ப்யூட்டரைக் கொன்றுவிடுவது என்று முடிவு செய்தேன். கௌரவமாக, யாருக்கும் சந்தேகம் வராமல்.

நானே பாகம் பாகமாக வாங்கி, என் கையால் பூட்டியதுதான். ஆனால் கடையில் புதுசு ஒன்றைப் பார்த்துத் தொலைத்தேன். மனைவியின் தீர்ப்பு ஒரே வரி: "இது ஓடற வரைக்கும் புதுசு கிடையாது."

ஓடினால்தானே?

ஓவர்கிளாக்கிங் என்றொரு வித்தை உண்டு. பிராசசரை அளவுக்கு மீறி விரட்டுவது. விரட்ட வோல்டேஜை ஏற்றுவார்கள். ஏற்றினால் சூடு. சூடு ஓயாமல் இருந்தால் பத்து வருஷம் உழைக்க வேண்டியது பாதியிலேயே படுத்துவிடும். வெறும் வேகம் பெரிதாக ஒன்றும் செய்யாது. வோல்டேஜும் சூடும்தான் எமன்கள். நான் இரண்டு எமன்களுக்கும் அழைப்பு அனுப்பினேன்.

"ஏங்க, என்ன பண்றீங்க?"

"ஓவர்கிளாக்கிங்."

"நீங்க எதுலதான் ஓவர் இல்ல? கிளாக்குன்னா, கடிகாரமா?"

"உள்ளே ஒரு துடிப்பு இருக்கும்மா. அதை வேகமாக்கறேன். நீ போடற கட்டட வரைபடமெல்லாம் இனிமே பறக்கும்!"

"பாவம், சூடாகாது?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது."

"சரிங்க."

எவ்வளவு நல்ல மனைவி என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் அந்த மேஜைப் பக்கமே போகவில்லை. கொலைகாரன் போகக் கூடாது. ஆபீசில் போன் அடித்தால், "போயிடுச்சா?" என்றுதான் எடுப்பேன். ஒருதரம் பேசியது மேனேஜர். "யாருய்யா போனது?" என்றார்.

மாதங்கள்தான் போயின. அது போகவில்லை. வரைபடங்கள் நிஜமாகவே பறந்தன. பொறுக்க முடியாமல் ஒருநாள் சூட்டை அளந்து பார்த்தேன். ஜில்லென்று கிடந்தது! பெட்டியின் மூடியைக் கழற்றினேன். என் சின்ன ஃபேனைக் காணோம். அங்கே செங்கல் பருமனில் ஒரு கூலர், இரண்டு பெரிய ஃபேன்களோடு சுகமாகக் காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

"இது... யார் வெச்சது?"

"நான்தாங்க. மறுநாளே மாட்டிட்டேன். வோல்டேஜையும் இறக்கிட்டேன். நீங்க கண்டபடி ஏத்தியிருந்தீங்க, அவ்வளவு தேவையே இல்ல. வேகத்தை மட்டும் தொடல. நல்லாத்தான் இருந்துச்சு."

"உனக்கு எப்படி இதெல்லாம்..."

"புரியாதுன்னு சொன்னீங்களே, அதான் உட்கார்ந்து படிச்சேன்." துணி மடிப்பதை நிறுத்தாமலே சொன்னாள். "இனி பத்து வருஷத்துக்குக் கவலையில்ல. தூசி மட்டும் சேரக் கூடாதாம்."

இப்போது ஞாயிறுதோறும் பிரஷ்ஷும் கையுமாக உட்கார்ந்து, அதன் ஆயுளை நீட்டிக்கொண்டிருப்பவன் நான்தான்.