பதினோரு சுற்றும் ஒரு நார் மூட்டையும்

சைக்கிள் ஓட்டத் தெரியும் என்று யாராவது சொன்னால் நான் உடனே நம்பிவிடுவதில்லை. ஏறத் தெரியுமா, மிதிக்கத் தெரியுமா, இறங்கத் தெரியுமா என்று தனித்தனியாகக் கேட்பேன். முதல் இரண்டை மட்டும் கற்றுக்கொண்டு பெண் வீட்டார் முன்னால் போய் நின்றவன் நான். நின்றவன் என்பதே பொய். நின்றிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிட்டங்கியில் இரண்டாம் குமாஸ்தா. சாப்பாடும் படுக்கையும் சிராங்கூன் ரோட்டில் அக்கா வீட்டில். எனக்கு எதிரி என்று வெளியே யாரும் இல்லை, என் வாய் ஒன்றே போதும். என்னைப் பார்க்க வந்த இரண்டு பெண் வீட்டாரும், "பையன் நல்ல பையன்தான், ஆனா மூச்சு விடாம பேசறாரு" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள், திரும்பி வரவே இல்லை. (மூச்சு விட்டுத்தான் பேசினேன். அவர்கள் கவனிக்கவில்லை.)

மூன்றாவதாக வந்தது காத்தோங்கில் ஒரு தென்னந்தோப்பை மேற்பார்வை பார்ப்பவரின் மகள். பெயர் தையல்நாயகி. அவளைத் தைப்பூசக் கூட்டத்தில் ஒரே ஒரு முறை பார்த்திருந்தேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த இடமும் கைவிட்டுப் போனால் கப்பலேறி ஊருக்கே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அக்கா வேறு முடிவு செய்திருந்தாள்.

"உனக்காக நான் வேண்டிக்கிட்டேன். நம்ம வாசல்லேர்ந்து காத்தோங் பிள்ளையார் கோயில் வரைக்கும் வாயைத் திறக்காம போயி, சன்னதியில தேங்காய் உடைக்கணும். நடுவுல ஒரு வார்த்தை பேசினே, இந்தச் சம்பந்தமும் போச்சு."

"அவ்வளவு தூரம் நடந்தா போறது?"

"பின்ன, பறந்தா போவே?"

அதே ஞாயிற்றுக்கிழமை காலை பெண் வீட்டாரும் கோயிலுக்கு வந்து என்னைப் பார்ப்பதாக ஏற்பாடு. புழுதியும் வியர்வையுமாகத் தையல்நாயகி முன்னால் போய் நிற்க எனக்கு மனமில்லை. கூட வேலை பார்த்த அந்தோணியிடம் சைக்கிளை இரவல் வாங்கினேன். "சைக்கிள்லயும் கால்தானேக்கா வேலை செய்யுது" என்று அரைமணி நேரம் வாதாடி அக்காவைச் சம்மதிக்க வைத்தேன்.

அக்காவிடம் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. நான் சைக்கிள் பழகி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வாசற்படியில் கால் வைத்து ஏறுவேன். திரும்பி வரும்போது, கடைவீட்டின் முன்னால் கூரை போட்டு விட்டிருந்த அஞ்சடி நடைபாதையின் தூணைக் கட்டிப்பிடித்து நிறுத்துவேன். அந்தத் தூண் இல்லாமல் நான் ஒரு தடவைகூட இறங்கியதில்லை. பிரேக் என்று ஒன்று இருந்தது. இருந்ததே தவிர, பிடிக்காது. காத்தோங்கில் ஒரு தூண் இல்லாமலா போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தேங்காயைத் துண்டில் முடிந்து கைப்பிடியில் தொங்கவிட்டு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு கிளம்பினேன். எருமைக் கொட்டகைகளைத் தாண்டும்வரை உயிர் என்னிடம் இல்லை. மாட்டுவண்டி, ரிக்‌ஷா, நடுரோட்டில் படுத்துக்கிடந்த எருமை எல்லாவற்றிடமும் நான் வழி விடச் சொல்ல வேண்டும், சொல்ல வாய் கிடையாது. மணியும் இல்லை. ஒவ்வொன்றையும் ஒதுங்கி ஒதுங்கியே காலாங் பாலத்தைக் கடந்தேன்.

அதற்கப்புறம் வந்தது பக்தர்கள் நடந்து நடந்தே உண்டான தோப்புப் பாதை. வண்டியும் இல்லை, ரிக்‌ஷாவும் இல்லை. இரண்டு பக்கமும் தென்னை, நடுவே கெட்டியான மணல், கீற்று வேய்ந்த கம்போங் எனும் மலாய்க் கிராமத்து வீடுகள், எங்கிருந்தோ கடல் காற்று. வேறு யாராவது என்றால் பாடியிருப்பார்கள். நானோ பிடித்து நிறுத்த ஒரு மரம் தேடிக்கொண்டிருந்தேன். தென்னை மரங்கள் எல்லாம் பாதையை விட்டு ஐந்தடி தள்ளியே நின்றன. ஒன்றுகூடக் கைக்கு எட்டுவதாக இல்லை.

கோயில் வந்தது. அது ஒரு கீற்றுக் கொட்டகை. முன்னால் தேங்காய் உடைக்கும் கல். தூண்கள் எல்லாம் கொட்டகைக்கு உள்ளே இருந்தன. பாதை கோயிலை வலமாக ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. வாசலில் தையல்நாயகியும் அவள் அப்பாவும் நின்றிருந்தார்கள்.

விழுந்துவிடலாம்தான். விழுந்தால் தேங்காய் சன்னதியை விட்டு வேறெங்கோ உடையும். உடைந்தால் வேண்டுதல் போச்சு, வேண்டுதல் போனால் தையல்நாயகி போச்சு. நான் விழவில்லை. ஒரு சுற்றுச் சுற்றினேன்.

இரண்டாவது சுற்றில் அவள் அப்பா புன்னகை செய்தார். மூன்றாவதில் நெற்றி சுருங்கியது. நான்காவதில் குருக்கள் தட்டோடு வெளியே வந்து, "இது பிரதட்சிண வேண்டுதல். வழி விடுங்கோ" என்றார். கூட்டம் பயபக்தியோடு ஒதுங்கியது. ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆறாவது சுற்றில் யாரோ என் மேல் விபூதியை வீசினார்கள், கண்ணில் விழுந்தது. கண்ணீர் வழிந்தது. (பாதி விபூதியால், பாதி பயத்தால்.)

"கண்ணுல தண்ணி வழிய சுத்துறாரு பாரும்மா. வாயே திறக்கலை" என்று அவள் அப்பா சொன்னது ஏழாவது சுற்றில் காதில் விழுந்தது. எட்டாவதில் ஒரு கோழி தன் குஞ்சுகளோடு குறுக்கே வந்தது. அதையும் ஒதுங்கினேன். இன்னும் எத்தனை சுற்றுத் தாங்குவேன் என்று பிள்ளையாருக்கே தெரியாது.

பத்தாவது சுற்றில் தையல்நாயகி, கோயில் ஓரத்தில் கிடந்த தேங்காய் நார் மூட்டை ஒன்றை இழுத்து வருவது தெரிந்தது. அதைத் தேங்காய் உடைக்கும் கல்லுக்கு முன்னால் போட்டாள்.

"எதுக்கும்மா இது?" என்றார் அப்பா.

"புண்ணியம் பண்ணவர் இறங்குறதுக்கு ஒரு மெத்தை வேணாமாப்பா?"

பதினோராவது சுற்றில் கண்ணை மூடிக்கொண்டு மூட்டையை நோக்கி விட்டேன். சைக்கிள் நின்றது. நான் நிற்கவில்லை. மூட்டைக்கு மேலாகப் பறந்து, பிள்ளையாருக்கு நேர் எதிரே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். துண்டோடு பிய்த்துக்கொண்டு போன தேங்காய் கல்லில் மோதிச் சரிபாதியாகப் பிளந்தது.

இனி பேசலாம். வழியெல்லாம் அழகான நாலு வார்த்தை யோசித்து வைத்திருந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால், அந்தோணியின் சைக்கிளின் முன்சக்கரம் அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது. என் வாயிலிருந்து வந்தது இதுதான்.

"என்னுது இல்லீங்க. எதுவுமே என்னுது இல்லீங்க."

(சைக்கிள், கோட்டு, செருப்பு மூன்றுமே இரவல்.)

அவள் அப்பா அப்படியே கைகூப்பிவிட்டார். "இந்த வயசுல இப்படி ஒரு பக்குவமா" என்று குருக்களிடம் சொன்னார். வெற்றிலை பாக்கை அங்கேயே மாற்றிவிட்டுத்தான் வீடு திரும்பினார்கள். கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள், மறுவீட்டு விருந்தில் நான் சாம்பாரிலிருந்து பாயசம் வரைக்கும் நிறுத்தாமல் பேசியதைக் கேட்டு அந்த மனிதரின் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. கடைசிவரை என்னை அவர் மன்னிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

பல வருஷம் கழித்துத் தையல்நாயகியிடம் கேட்டேன், எனக்கு இறங்கத் தெரியாது என்பதை எப்போது கண்டுபிடித்தாள் என்று.

"மூணாவது சுத்துலயே தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா சம்மதிச்சே?"

"நிறுத்தத் தெரியாத நேரத்துலயும் அந்தக் கோழிக்குஞ்சுங்களைப் பார்த்து ஒதுங்கினீங்களே" என்றாள். எனக்கு அன்றைக்குப் பேச்சே வரவில்லை. வீட்டில் எல்லோரும் அதை ஒரு அதிசயமாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

மற்ற நாட்களில் அப்படி இல்லை. விருந்தாளிகள் முன்னால் நான் ஒரு கதையை ஆரம்பித்துப் பதினோரு நிமிஷம் தாண்டினால் போதும், என் மகள் எழுந்து சமையலறைக்குப் போவாள். பாத்திரம் தேய்க்க வைத்திருக்கும் தேங்காய் நாரில் ஒரு பிடி எடுத்து வந்து, ஒன்றும் சொல்லாமல் என் முன்னால் வைப்பாள். நான் இறங்கிக்கொள்வேன்.