நான் நடத்திய பெனியன் அணிவகுப்பு

ஒரு விடுதி முழுவதையும் கையில் அடையாள அட்டையோடு முற்றத்தில் நிற்க வைத்தவள் நான். அதுவும் சண்டைக் காலத்தில், திருகோணமலையில். வேணுமென்று செய்யவில்லை என்றால் இன்றைக்கும் ஒருவரும் நம்புவதில்லை.

நான் பாலையூற்றுப் பறங்கிப் பெட்டை. (போர்த்துக்கேயர் வழிவந்த குடும்பம். பெயர் ரோசலின், வாய் மட்டும் அசல் திருகோணமலைத் தமிழ்.) பள்ளிக்கூடம் முடித்த கையோடு, என்ன துணிச்சலோ, கொழும்புக்குப் போய் இராணுவத்தின் பெண்கள் பிரிவில் சேர்ந்தனான். வீரதீரம் ஒன்றுமில்லை. ஐந்து வருசமும் ஸ்டோரில் சப்பாத்தும் போர்வையும் எண்ணினதுதான். விலகி ஊருக்கு வந்தபோது பப்பாவுக்குக் கண் மங்கி வேலை நின்றுபோயிருந்தது. வீட்டில் உழைக்கக்கூடிய ஆள் நான் ஒருத்திதான்.

ஆனால் ஆமியில் இருந்தவள் என்று தெரிந்தால் எங்கள் ஊரில் யார் வேலை தருவார்கள்? உட்துறைமுக வீதியில் விடுதி நடத்திய செல்வராணி அக்கா, அறை துப்புரவாக்க ஆள் தேடினா. "கொழும்பில ஒரு பெரிய விடுதியில இருந்தனான்" என்றேன். (பொய்யில்லை. முப்பது கட்டில் கொண்ட விடுதி. படுத்தவர்கள் எல்லாரும் சீருடைக்காரர், அவ்வளவுதான்.)

"ஒரு கிழமை பார்ப்பம். சரிவந்தால் நில்லுங்கோ. இல்லாட்டி குறை நினைக்காதேங்கோ" என்றா அக்கா.

ஆறாம் நாள் காலை கூப்பிட்டா. "ரோசலின், கிரேன் திருத்த வந்த மகாலிங்கம் ஐயாவின்ர அறை குப்பையாக் கிடக்கு. வடிவா அடுக்கி வையுங்கோ."

அதோடு நிறுத்தியிருந்தால் தப்பியிருப்பேன். "பிறகு நான் வந்து பார்ப்பன்" என்று ஒரு சொல் சேர்த்தா.

இராணுவத்தில் மேலதிகாரி வந்து பார்ப்பார் என்றால் அதற்குப் பெயர் கிட் இன்ஸ்பெக்‌ஷன். பையைக் கவிழ்த்து, உள்ள சாமான் அத்தனையையும் கட்டிலில் வரிசை வரிசையாகப் பரப்பிவைக்க வேண்டும். ஐந்து வருசம் பழகிய கை, மூளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஐயாவின் பையைக் கவிழ்த்தேன். முதல் வரிசையில் சீப்பு, பிரஷ், சவரச் சாமான். அடுத்த வரிசையில் ஆறு பெனியன், எல்லாம் ஒரே அளவு மடிப்பு. அதற்குக் கீழே உள்ளாடைகள், மூப்பு வரிசைப்படி. (ஓட்டை எண்ணிக்கையை வைத்து முடிவு செய்தேன்.) பையின் கிழிந்த உள்துணிக்குள் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. ஐயாவின் ஐசி, அதாவது அடையாள அட்டை. அதைக் கட்டிலின் நடுவில் வைத்தேன். சும்மா சொல்லக்கூடாது, நான் அடுக்கியதிலேயே அழகான கட்டில் அதுதான்.

ஐயா இரண்டு நாளாக வயிற்றுநோ என்று வேலைக்குப் போகவில்லை. பின்வளவில் கதிரை போட்டு நித்திரையாகக் கிடந்தவர், மத்தியானம் எழும்பி வந்து அறைக் கதவைத் திறந்தார். அந்தக் காலத்தில் ஒருவரின் பெனியன்வரை வெளியே கிடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"ஐயோ! ஆமி வந்து அறையைச் செக் பண்ணிப்போட்டுப் போயிருக்கிறாங்கள்!"

'ஆமி' என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம். எல்லா அறைக்காரரும் அடையாள அட்டையோடு முற்றத்துக்கு ஓடிவந்து வரிசையாக நின்றார்கள். ஒருவரும் சொல்லவில்லை, பழகிப்போச்சு. சமையல்காரர் ஒரு கையில் அட்டையும் மறுகையில் அகப்பையுமாக நின்றார். அக்காவும் நின்றா.

மேல்மாடியில் இருந்த நான் சத்தம் கேட்டு இறங்கி வந்தேன். என் கண்ணில் பட்டது ஒன்றுதான்: வரிசை கோணல்.

"இடைவெளி விட்டு நில்லுங்கோ! கையை நீட்டிப் பாருங்கோ! சமையல் அண்ணை, வயித்தை உள்ளுக்கு எடுங்கோ!"

அத்தனை பேரும் கையை நீட்டினார்கள். என்ன வடிவு! மகாலிங்கம் ஐயா மட்டும் நீட்டவில்லை.

"பிள்ளை, என்ர ஐசியைக் காணேல்லை. இரண்டு நாளாத் தேடுறன். வெளிய போக ஏலாமல்தான் வயித்துநோ எண்டு சொன்னனான். என்னைக் கொண்டுபோகப் போறாங்கள்" என்று அழுதார்.

அவர் அழுததைக் கண்டபோதுதான் நான் செய்த வேலை எனக்கு விளங்கியது. வெட்கத்தில் செத்துப்போனேன்.

"ஐயா, ஐசி உங்கட கட்டிலில இருக்கு. பைக்குள்ள கிழிஞ்ச இடத்தில கிடந்தது. ஆமி ஒண்டும் வரேல்லை. நான்தான் அடுக்கினனான்."

ஐயா ஓடிப்போய் அட்டையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தா.

"ரோசலின், நீங்கள் இருந்தது எந்த விடுதி?"

இனி மறைக்க ஏலாது. "ஆமி விடுதி, அக்கா." வேலை போச்சு, பப்பாவுக்கு என்ன சொல்வது என்றுதான் யோசித்தேன்.

அக்கா தன் அட்டையை இடுப்பில் செருகினா. "அதுதானே பார்த்தன்! நீங்கள் இறுக்கி விரிச்ச போர்வைக்குள்ள மனுசர் நுழைய ஏலாதெண்டு எல்லாரும் ஒரே முறைப்பாடு. நாளைக்கு வாங்கோ. ஆனா ஒருத்தற்ற பையிலயும் கை வைக்கக்கூடாது."

இன்று எனக்குச் சொந்தமாக இரண்டு விடுதிகள். மேற்பார்வை செய்யும் இரண்டு பெண்களும் என்னைப்போல் ஆமியிலிருந்து விலகி வந்தவர்கள். இந்தக் கதை வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். போன வருசம் மகளின் கலியாணத்தில் படமெடுப்பவர் "எல்லாரும் வரிசையா நில்லுங்கோ" என்றதும், எங்கள் பக்கத்தில் குஞ்சு குருமான்வரை கையை நீட்டி இடைவெளி பார்த்தது. மாப்பிள்ளை வீட்டார் திகைத்துப்போனார்கள்.

"இது பறங்கியள் வழக்கமோ?" என்று சம்பந்தி கேட்டார்.

"ஓம், ஓம். நீங்களும் நீட்டுங்கோ" என்றார் என் மனுசன்.

பாவங்கள், நீட்டினார்கள்.