பொருள் சைக்கிளில் வருகிறது

மதியம் மூன்று பத்துக்கு எல்லாம் கெட ஆரம்பித்தது. இவ்வளவு துல்லியமாக நேரம் தெரியக் காரணம், பேரூராட்சிக் கூட்ட அறையில் தலைவரின் தலைக்கு மேலே ஒரு சுவர்க்கடிகாரம் இருந்ததுதான். அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் பிற்பகுதி. ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையில் எங்கள் ஊர். பள்ளிக்கூடம் போகிற வழியில் சுற்றுச்சுவர் இல்லாத பொதுக்கிணறு ஒன்று இருந்தது. முந்தின மாதம் என் ஆறு வயது மகள் செல்வி அதன் ஓரத்தில் சறுக்கினாள். கூடப் போன பெண் சட்டையைப் பிடித்து இழுத்ததால் ஒரு செருப்பு மட்டும் உள்ளே போனது. பாதாளக்கரண்டி போட்டு அதை எடுத்தோம். சுவர் வந்தால்தான் இனிப் பள்ளிக்கூடம் என்று அவளை வீட்டோடு நிறுத்திவிட்டு மனு எழுதினேன். (எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள் அல்லவா, ‘உயிர்ச்சேதம்’ என்ற சொல்லை மூன்று இடத்தில் போட்டிருந்தேன்.)

மனு கொடுத்தவர்கள் கூட்டத்தில் இரண்டு நிமிடம் பேசலாம் என்று எங்கள் தலைவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். அதன் விதியை எனக்குச் சொன்னவர் பியூன் ராமசாமி.

“உங்க பொருள் வந்தாத்தானுங்க பேசோணும். வராம வாயத் தொறந்தீங்கன்னா தலைவர் மணி அடிச்சுப்போடுவாரு.”

கூட்டத்தில் எடுத்துக்கொள்ளும் விஷயத்துக்கு ஆபீஸ் தமிழில் ‘பொருள்’ என்று பெயர். இது அப்போது எனக்குத் தெரியாது. நான் படித்தவரை பொருள் என்றால் அர்த்தம், இல்லாவிட்டால் சாமான். ராமசாமியிடமே கேட்டிருக்கலாம். படித்தவள் போய்ப் பியூனிடம் அர்த்தம் கேட்பதா?

“பொருள் ஒன்று, தெருவிளக்கு” என்றார் எழுத்தர். உடனே ஓர் உறுப்பினர் துண்டைப் பிரித்து, ஃபியூஸ் போன டியூப்லைட் ஒன்றை மேசைமேல் வைத்தார். “பொருள் இரண்டு, குடிநீர்.” இன்னொருவர் கலங்கல் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். எல்லோரும் அவரவர் பொருளோடு வந்திருக்கிறார்கள்! என் பொருள் வீட்டில் அல்லவா இருக்கிறது?

நைசாக ராமசாமியைக் கூப்பிட்டேன். “ஏனுங்கண்ணா, எங்கூட்டுக்காரரு தறியில இருப்பாரு. கெணத்துல எடுத்த செருப்ப ஒடனே கொண்டாரச் சொல்லுங்க.”

“செருப்பா?”

“சீக்கிரமுங்க.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

அப்போதுதான் மூன்று பத்து. “பொருள் மூன்று, பள்ளிக்கூடத்து வழிக் கிணறு. குழு அறிக்கை” என்று எழுத்தர் படிக்கத் தொடங்கினார். மனுவை விசாரிக்க அமைத்த குழுவினர் மூவரும் நேரில் சென்று கிணற்றைச் சுற்றி நடந்து பார்த்தனர், எவரும் விழவில்லை, எனவே சுவர் இப்போதைக்கு அவசியமில்லை.

“மனுக் குடுத்த அம்மிணி பேசலாமுங்க” என்றார் தலைவர்.

எழுந்து நின்றேன். “இன்னும் வரலீங்க.”

“என்னது வரலீங்க?”

“பொருளுங்க.”

“பொருள் வந்தாச்சுங்களே அம்மிணி!”

“எங்கீங்க?” என்று வாசலைப் பார்த்தேன். உறுப்பினர்கள் அத்தனை பேரும் வாசலைப் பார்த்தார்கள்.

தலைவர் பொறுமைசாலி. “வர எத்தன நேரமாகுமுங்க?”

“சைக்கிள்ல வருதுங்க.”

டியூப்லைட் உறுப்பினர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தலைவர் மணியை அடித்து, ‘கருத்துக் கூற எவருமில்லை, அறிக்கை ஏற்கப்பட்டது’ என்று எழுதச் சொன்னார். பேசத்தான் போனேன், ஒரு செருப்புக்காகக் காத்திருந்து என் மகளின் வழியைக் கோட்டை விட்டேன்.

எங்கள் வீட்டில் இன்றும் சோற்றுக்குக் குழம்பு வரத் தாமதமானால், “சைக்கிள்ல வருதுங்க” என்பார் என் கணவர். (பின்னால் அந்தச் சுவரைக் கட்ட வந்த கொத்தனாருக்கே கதை தெரிந்திருந்தது.) நானும் சிரிப்பேன். ஆனால் செல்வி கல்லூரியில் படித்த நாளில் அவள் பஸ் பத்து நிமிடம் பிந்தினால், அதே பேச்சு எனக்குச் சிரிப்பாக இருந்ததில்லை. போய் வாசலில் நின்றுகொள்வேன்.

அன்று எழுத்தர் அந்த வரியை எழுதி முடிப்பதற்குள் வெளியே சைக்கிள் மணி கேட்டது. தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு என் கணவர் உள்ளே வந்தார். இடுப்பில் செல்வி.

“செருப்பு இவ கால்ல கெடக்குது, கழட்ட மாட்டீங்கறா. அதான் அப்பிடியே தூக்கியாந்துட்டேன்” என்றார் என்னிடம்.

எழுத்தரின் பேனா நின்றது. தலைவர் மேசைமேல் குனிந்து, “நீ யாரு சாமி?” என்று கேட்டார்.

செல்வி இறங்கி, வலது காலை முன்னால் நீட்டினாள்.

“இதுதானுங்க கெணத்துல உழுந்துச்சு. நான் உழுவலீங்க.”