மொட்டைமாடியில் வைத்த கை

அலெக்ஸாந்திரியா,
செவ்வாய்க்கிழமை.

தந்தா நகரின் வழக்கறிஞரும் என் அக்கா பெற்ற அறிவாளியுமான வஜ்திக்கு, ஓய்வுபெற்ற டிராம் நடத்துநர் மஹ்ரூஸ் மாமா ஸலாம் கூறி எழுதுவது. இங்கு உன் மாமி நபவிய்யாவும், நாற்பது புறாக்களும், என் வலது கையும் நலம். இடது கையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

மொட்டைமாடிப் புறாக்கூண்டைப் பிரிக்கச் சொல்கிறாள் வீட்டுச் சொந்தக்காரி மதாம் ஃபெரியால் என்று சனிக்கிழமை போனில் உன்னிடம் அழுதேன் அல்லவா? நீ என்ன சொன்னாய்? "மாமா, சட்டத்துல கை வைத்தல்னு ஒண்ணு இருக்கு. பதினஞ்சு வருஷம் கை வச்சிருந்தா இடம் உங்களுது. ஆனா விடாம வைக்கணும், அமைதியா வைக்கணும், ஊருக்கே தெரியுற மாதிரி வைக்கணும்." கூண்டு போட்டுப் பதினைந்து வருஷம் வருகிற வியாழக்கிழமை நிறைகிறது. போனை வைத்த கையோடு மாடியேறிக் கூண்டுக் கதவில் இடது கையை வைத்தவன்தான். விடாமல் என்றாயே, நான் சாப்பிடப் போனால் உன் மாமி வைப்பாள், அவள் மொலோகியாக் கீரை கிளறப் போனால் நான் வைப்பேன். "கட்டின நாள்லேர்ந்து என் கையை இப்படிப் பிடிச்சதுண்டா? கதவுக்கு வந்த வாழ்வைப் பாரு" என்கிறாள். அமைதியாக என்றாயே, அது இந்தப் புறாக்களுக்கு ஏறவே மாட்டேன் என்கிறது. "வாயை மூடுங்கடா, சட்டம் காது குடுத்துக் கேட்டுட்டிருக்கு" என்று கெஞ்சிப் பார்த்துவிட்டேன். ஊருக்குத் தெரியவேண்டுமே என்று கல்யாண வீட்டு விளக்குச் சரத்தை இரவல் வாங்கி முழங்கை வரை சுற்றிக்கொண்டேன். தெருவில் அவரைக்கொட்டை விற்கிறவன் அண்ணாந்து, "மஹ்ரூஸண்ணே, யாருக்குக் கல்யாணம்?" என்கிறான். "எனக்கும் கதவுக்கும்டா, வந்து சாப்பிட்டுட்டுப் போ" என்றேன்.

சிரிக்காதே வஜ்தி. டிராமை விட்டு இறங்கிய பிறகு காலையில் எழுந்தால் நான் போவதற்கு இருக்கிற ஒரே இடம் இந்தக் கூண்டு. அது போய்விடுமோ என்று பயமாக இருக்கிறதுடா.

அல்லாஹ் உன் வாதத்துக்கு வலுவும் உன் கட்சிக்காரர்களுக்குப் பொறுமையும் தரட்டும். அக்காவுக்கு என் ஸலாம்.

கை எடுக்காத மாமா,
மஹ்ரூஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது மதாம் ஃபெரியாலே ஒரு தட்டு பஸ்பூஸா இனிப்போடு மேலே வந்தார். "ஏன் இப்படி நின்னு கஷ்டப்படுறீங்க? கூண்டு பாட்டுக்கு இருக்கட்டும். ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்" என்றார். தங்கமான மனுஷி. தட்டை வாங்க இரண்டு கையும் வேண்டியிருந்தது, எடுத்துவிட்டேன். 'இடம் மதாமுடையது, அவர் அனுமதித்ததால் இருக்கிறேன்' என்று என் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். படியிறங்கும்போது, "இரவலா இருக்கிறவர் நூறு வருஷம் கை வச்சாலும் இரவல்தான்" என்று வாழ்த்திவிட்டுப் போனார். நீ பதினைந்து வருஷம்தான் சொன்னாய், அவர் நூறு தருகிறார். சட்டத்தில் இரவல் என்பது சொந்தத்துக்கும் ஒரு படி மேல்தானே? உடனே பதில் எழுது.