ஜெய்சல்மீர் போய்வந்த பருப்புப் பொடி

ஊரை விட்டு நகராமலே ராஜஸ்தானுக்குப் போய்வந்த பேர் எடுத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். சித்தூரில் நானும் அவரும் ஒரே ஆபீஸில் குமாஸ்தா, ஒரே ரூமில் வாசம். அவருடைய சொந்தப் பேர் சம்பள நாளில் மட்டும் காதில் விழும். மற்ற நாளெல்லாம் 'பாலைவனம்' என்றுதான் கூப்பிடுவோம்.

சைக்கிளிலேயே ஜெய்சல்மீர் பாலைவனத்தைத் தாண்டி, இமயமலையில் அல்மோரா வரை ஏறிவிடுவதென்று அவர் திட்டம் போட்டிருந்தார். சாதாரணத் திட்டமா! ஞாயிற்றுக்கிழமையானால் திருச்சானூர் கோயில் பக்கம் வறண்டு கிடக்கும் சொர்ணமுகி ஆற்று மணலில் ஒத்திகை. கேரியரில் செங்கல்லைக் கட்டிக்கொண்டு, உச்சி வெயிலில், தொண்டையை நனைக்காமல் மிதிப்பார். கோயிலுக்கு வந்த கூட்டம் இது ஏதோ வேண்டுதல் என்று முடிவு கட்டிவிட்டது. ஒரு அம்மாள் டயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கேட்டாள்: "ஏமி மொக்குபடி, சாமீ?"

"மொக்குபடி இல்லம்மா. ராஜஸ்தான்."

எந்த ஊர்ச் சாமியோ என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஹேண்டில்பாரில் ஒரு சீப்பு வாழைப்பழத்தை மாட்டிவிட்டுப் போனாள்.

குளிருக்கு ஐஸ் பாக்டரி. ஐஸ் கட்டி மேல் கோணியைப் போட்டு அரை மணி உட்கார்ந்துவிட்டு வந்து ஒரு வாரம் தும்மினார். "இமயமலை இன்னா மாதிரி இருக்கும்னு நல்லா தெரிஞ்சிக்கினேன் நைனா" என்றார், மூக்கைச் சிந்திக்கொண்டே.

வழியில் கிடைக்கிற சாப்பாட்டில் அவருக்கு நம்பிக்கையில்லை. பருப்புப் பொடியை நாலு தகர டப்பாவில் அடைத்து, அனந்தபூர், ஜோத்பூர், ஜெய்சல்மீர், அல்மோரா தபாலாபீசுகளுக்குத் தன் பேருக்கே பார்சல் அனுப்பினார், 'நேரில் வந்து வாங்கிக்கொள்வார்' என்று எழுதி. ஒவ்வொரு டப்பாவும் குடம் மாதிரி.

"எதுக்குண்ணே இவ்ளோ பெருசு?"

"ரெண்டு பேரு துன்ன வாணாமா? நீயும்தான வர்ற."

ஒரு நாள் டீக்கடையில் ஏதோ உற்சாகத்தில் "நானும் வரேண்ணே" என்று வாயை விட்டிருந்தேன். மனுஷர் அதைப் பிடித்துக்கொண்டார்.

எல்லாம் தயார். புறப்படத்தான் முடியவில்லை. சைக்கிள் முன்னால் மாட்டும் போர்டில் ஊர் பேரும் ராஜ்யத்தின் பேரும் இருக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அவர் ஊரோ சத்தியவேடு பக்கம். ஆந்திரா பிரிந்த நேரம். அந்தப் பக்கத்து ஊர்கள் சென்னை ராஜ்யத்திலேயே இருக்குமா, இந்தப் பக்கம் வந்துவிடுமா என்று தினம் ஒரு புரளி. போர்டு எழுதுகிறவர் 'சென்னை' என்று எழுதி அழித்து, 'ஆந்திரா' என்று எழுதி அழித்து, கடைசியில் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார்.

"ஊர் பேர மட்டும் போட்டுக்கினு போ சார். அவ்ளோ தூரத்துல எவன் ராஜ்யத்த கேக்கப்போறான்?"

"கேட்டா? சொந்த ராஜ்யமே தெரியாதவன் எங்க ஊரச் சுத்த வந்துட்டான்னு சிரிக்க மாட்டான்?"

இப்படியே போர்டு காய்ந்துகொண்டிருக்க, வாங்க ஆள் வராததால் பார்சல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஜெய்சல்மீர் முத்திரையோடு ஒன்றைத் தபால்காரர் தூக்கிக்கொண்டு வந்து, "பாலைவனம் சார், உங்க பொடி ஊரச் சுத்திட்டு வந்துடுச்சு!" என்றதும் ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. மத்தியானம் அந்தப் பொடியையே பிசைந்து சாப்பிட்டார். "பொடி போயி வந்துடுச்சு. நான் போவேனா நைனா?" என்றார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. காலையில் சிரித்ததற்காக எனக்கு வெட்கமாகிவிட்டது.

சில வருஷம் கழித்து ஒருவழியாக எல்லை முடிவானது. சத்தியவேடு ஆந்திராவுக்கு என்றார்கள். இது நியாயமா என்று ஊரெல்லாம் கட்சி கட்டிப் பேசிக்கொண்டிருக்க, இவர் மட்டும் பெயிண்டரிடம் ஓடினார். "தேலிப்போயிந்தி! முடிவாயிடுச்சு, எழுதுப்பா!" தமிழிலும் தெலுங்கிலும் பெரிய எழுத்தில் எழுதி வாங்கினார். புதுப் பொடி நாலு டப்பா மறுபடி தபாலேறியது.

அவர் ஊரிலிருந்து இரண்டு சைக்கிள் கிளம்பின. முதல் நாள் சாயங்காலமே வடமாலபேட்டையில் நான் இறங்கிவிட்டேன். சைக்கிள் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் தைரியம் கழன்றுவிட்டது.

"என்னால முடியாதுண்ணே."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "தெரியும் நைனா. இம்மாந்தூரம் வந்தியே, அதே போதும். ஒண்ணு மட்டும் செய். பார்சல் திரும்பி வந்துச்சுன்னா நான் அங்க போய்ச் சேரலன்னு அர்த்தம். வூட்டுல நீதான் சொல்லணும்."

அதற்கப்புறம் தபால்காரர் தலையைக் கண்டாலே, கையில் டப்பா இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். அனந்தபூர் டப்பா வரவில்லை. ஜோத்பூர் டப்பாவும் வரவில்லை. நிம்மதியாக மூச்சு விட்ட சமயத்தில் ஒரு நாள் ஜெய்சல்மீர் முத்திரையோடு பார்சல் வந்து மேஜைமேல் உட்கார்ந்தது. இந்தத் தடவை ஆபீஸில் யாரும் சிரிக்கவில்லை.

கையில் எடுத்தால் காற்று மாதிரி இருந்தது. பிரித்தேன். காலி டப்பா. அடியில் ஒரு பிடி மணல். கூடவே அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு:

"நைனா, வந்து சேந்துட்டேன். உன் பங்கையும் நானே துன்னுட்டேன். அல்மோராவுக்கு ஒரு டப்பா பத்தாது, இன்னொண்ணு ரொப்பி அனுப்பு. நம்ம போர்ட இங்க ஒருத்தருக்கும் படிக்கத் தெரியல."

ஆபீஸ் கூரை பறக்கச் சிரித்தோம். அன்றைக்கே பொடி இடித்துவிட்டு டப்பாவைக் கழுவ எடுத்தேன். மணலைக் கொட்ட மனசு வரவில்லை. வேறு டப்பா வாங்கி அனுப்பினேன். பழையது இன்னும் என்னிடம் இருக்கிறது. வடமாலபேட்டைக்கு அப்பால் சைக்கிள் மிதிக்காத நான், அதன் மூடியைத் திறக்கிறபோதெல்லாம் பாலைவனம் அண்ணன் கேரியரில் உட்கார்ந்து போகிறேன்.