சம்பந்தம் பேசப் போன தீவு

மகளுக்குக் கல்யாணம் பேசுகிற இடத்தில் ஜாதகத்துக்கு முன்னால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்க்கப்படும் என்பது இன்றைக்கு ஜொகூர் மாநிலத்துக் கூலாய் வட்டாரத்தில் சகலரும் அறிந்த விதி. தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கும் சுகுமாறனுக்கு மட்டும் அந்த விதி எட்டவில்லை. மகனோடு பெண் பார்க்க வந்த சிம்பாங் ரெங்கம் ஊர்க்காரர் மகேஸ்வரன், கேசரியை வழித்துக்கொண்டே, லீவு கிடைத்தால் எங்கே போவீர்கள் என்று கேட்டார். வீட்டில்தான் இருப்போம், வாசலில் நிற்கிற காடியைக் கழுவுவோம் என்று இவர் உண்மையைச் சொல்லித் தொலைத்தார். மகேஸ்வரனின் மனைவி தனலெட்சுமி தன் மகன் நிரஞ்சனைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே சம்பந்தம் பாதி முறிந்தது.

பாவம், மகள் லோஷினிக்குப் பையனை மனசாரப் பிடித்திருந்தது. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் போனைத் தடவிக்கொண்டே கிடந்தாள். பெற்ற மனசு கேட்குமா? மெர்சிங்கிலிருந்து படகில் ஒன்றரை மணி நேரம் போனால் வரும் ஒரு தீவில், பெயரைச் சொன்னாலே மற்றவர்கள் புருவத்தைத் தூக்குகிற ரிசோர்ட்டில், நான்கு நாளுக்கு இடம் போட்டுவிட்டார் சுகுமாறன். அந்த ஸ்டேட்டஸை சிம்பாங் ரெங்கம் பார்க்க வேண்டும். வேறு நோக்கம் எதுவும் அவருக்கு இல்லை.

போய் இறங்கினால், அறையில் ஏர்கோன் இல்லை, காத்தாடி இல்லை, சுடுதண்ணீரும் இல்லை. மேலே தகரக் கூரை. மத்தியானச் சாப்பாடு என்று வாழை இலையில் நான்கு துண்டு அவித்த மரவள்ளிக்கிழங்கு வந்தது, பக்கத்தில் ஒரு செம்பருத்திப் பூவோடு. இந்தக் கூரையையும் இந்தக் கிழங்கையும் விட்டுத் தப்பிக்கத்தான் சுகுமாறனின் அப்பா ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டினார். தோட்டத்து லயத்து வீட்டிலாவது கிழங்குக்கு மிளகாய்ச் சம்பல் இருந்தது.

மனைவி பிரேமலாவின் கையெல்லாம் கொசு கடித்துத் தடித்துப் போனது. சுகுமாறன் நேரே ஆபீசுக்குப் போனார். அங்கே செல்வா என்றொரு இளைஞர் 'விருந்தினர் அனுபவ அதிகாரி' என்று சட்டையில் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

"அங்கிள், கொசு இருக்கறது குறை இல்ல. இல்லாம இருந்தாத்தான் குறை. அப்ப இங்க இயற்கை கெட்டுப்போச்சுன்னு நாங்க மேலிடத்துக்கு ரிப்போர்ட் அனுப்பணும்."

காத்தாடி?

"காத்தாடி வச்சா கடற்காத்து மனசு சங்கடப்படும்னு எங்க கொள்கையில இருக்கு."

குறைகளை எழுதிக் கொடுக்கும் பாரம் ஒன்று கொடு என்றார் சுகுமாறன். அது ஜொகூர் பாருவில் தலைமை அலுவலகத்தில் நேரில் வந்து மட்டுமே பெற்றுக்கொள்ளத்தக்கது என்றும், ஆனால் தீவில் தங்கியிருக்கும்போதே எழுதப்பட்ட குறை மட்டுமே செல்லுபடியாகும் என்றும் செல்வா மரியாதையாக விளக்கினார். பாராட்டுப் பாரம் வேண்டுமானால் இங்கேயே இருக்கிறது, எத்தனை வேண்டும் என்று கேட்டார்.

சரி, வந்த காரியத்தையாவது பார்ப்போம் என்று மூவரும் ஸ்டேட்டஸில் இறங்கினார்கள். பிரேமலா முழுக்கை உடுப்பு போட்டுக் கடியை மறைத்தார். கிழங்கை எடுத்துவிட்டுப் பூவை மட்டும் படம் பிடித்தார்கள். தகரக் கூரை தெரியாமல் இருக்க லோஷினி மணலில் படுத்துக்கொண்டு எடுத்தாள். கீழே 'மண்ணில் ஒரு சொர்க்கம்' என்று போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் தனலெட்சுமியிடமிருந்து மூன்று சிவப்பு இதயம் வந்தது. லோஷினி அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள், அதுவும் கிழங்கை.

மூன்றாம் நாள் படகில் மகேஸ்வரன், தனலெட்சுமி, நிரஞ்சன் மூவரும் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். படத்தைப் பார்த்ததும் ஆசை தாங்கவில்லையாம்.

இங்கே ஒரு சம்பிரதாயத்தைச் சொல்லியாக வேண்டும். தட்டு மாற்றுகிற வரைக்கும் ஒரு வீட்டார் விரும்பியதை மறு வீட்டார் குறை சொல்லக்கூடாது. காப்பியில் சீனி கம்மி என்றால்கூட, பெண்ணே வேண்டாம் என்று அர்த்தமாகிவிடும். ஆகவே மகேஸ்வரன் கிழங்கைத் தின்றுவிட்டு, உடம்புக்கு நல்லது என்றார். தனலெட்சுமி வியர்வையைத் துடைத்துக்கொண்டே, என்ன காற்று, என்ன காற்று என்றார். சம்பந்தி வீட்டாரே இவ்வளவு மெச்சும்போது தான் குறைந்துபோகக் கூடாது என்று சுகுமாறன் இரண்டாவது தடவையும் கிழங்கு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் மகேஸ்வரன் அவரைக் கரையோரமாகத் தள்ளிக்கொண்டு போனார். கழுத்தைச் சொறிந்தபடியே கேட்டார்.

"அண்ணே, நமக்குள்ள ஒளிவுமறைவு வேணாம். இந்த இடம் உங்களுக்கு உண்மையிலேயே பிடிச்சிருக்கா?"

சுகுமாறன் கணக்குப் போட்டார். சொல்லிவிட்டால் என்ன? அந்த மனுஷனும் பாவம், வெந்துபோய்த்தான் கேட்கிறார். ஆனால் அந்தப் பக்கம் லோஷினியும் நிரஞ்சனும் தண்ணீரில் கால் நனைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இதுவே சோதனைக் கேள்வியாக இருந்தால்?

"எனக்கு இங்கருந்து போகவே மனசில்ல" என்றார்.

மகேஸ்வரனின் முகம் ஒரு கணம் செத்துப் பிழைத்தது. "எனக்கும் அப்படித்தான் லா" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெண் வீட்டாருக்கு இளைத்தவராகத் தெரியக்கூடாதே என்று, நிச்சயதார்த்தத்தையே இங்கே வைத்துக்கொள்வோம், இருநூறு பேர், நான்கு நாள் என்று சொல்லிவிட்டார். சுகுமாறன் மறுக்க முடியுமா? அற்புதமான யோசனை என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மத்தியானமே இரண்டு வீட்டாரும் அழைப்பைப் போனில் அனுப்பினார்கள். கொடுத்துவைத்தவர்கள் என்று பதில் வந்து குவிந்தது. சாயங்காலம் செல்வா பட்டியலோடு வந்தார். அழைக்கப்பட்டவர்களில் பதினேழு குடும்பம், நிச்சயத்துக்கு அழைத்ததால்தான் வருகிறார்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்பதற்காக, அதற்கு முன்பே ஒருதரம் வந்துபோக இடம் போட்டிருந்தது.

"இதில நாலு குடும்பம், அங்கிள், போன வருஷம் வந்துட்டு, இனி செத்தாலும் இந்தப் பக்கம் வர மாட்டோம்னு என்கிட்ட சண்டை போட்டுட்டுப் போனவங்க" என்றார் செல்வா.